எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போடுபவரா, ‘இல்லை’ சொல்பவரா? மென்பொருள் வாங்கும் முன் ஓர் ஒப்பீடு

ஒரு நிறுவனம் தன் முக்கிய வேலைகளை நடத்தும் மென்பொருளை மாற்ற முடிவெடுத்தால், கடைசிச் சுற்றில் பெரும்பாலும் நான்கு வழிகள் மிஞ்சும். ஒன்று, கேட்டதெல்லாம் எங்களிடம் இருக்கிறது என்று சொல்லி, கண்ணைப் பறிக்கும் டெமோவும் காட்டும் பெரிய விற்பனையாளர். இரண்டு, நீங்கள் கேட்டதில் இன்னின்னவை எங்களிடம் இல்லை என்று நேராகச் சொல்லும் சிறிய விற்பனையாளர். மூன்று, நிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை எடுத்துக்கொண்டு, அதற்கு சப்போர்ட் தரும் நிறுவனத்தை அமர்த்துவது. நான்கு, இப்போதிருப்பதையே இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவது.

விலைக்கும் வசதிகளுக்கும் எல்லோரும் அட்டவணை போடுகிறார்கள். யார் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதை மட்டும், கூட்டம் முடிந்து எழுந்து போகும்போது பேசிக்கொள்கிறார்கள். “ஆள் நல்ல மாதிரியாகத் தெரிகிறார்”, “அவர் கொஞ்சம் இழுக்கிறார்” என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். பல ஆண்டுகள் கூடவே இருக்கப் போகிற ஒன்றுக்கு இந்த யோசனை போதாது. அதனால் இந்த நான்கையும் நம்பகத்தை வைத்தே ஒப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான சமயங்களில் நான் ‘இல்லை’ சொல்பவர் பக்கம்தான். ஆனால் அவர் நேர்மையானவர் என்பதற்காக ஒப்பந்தத்தில் ஒரு வரியைக்கூடத் தளர்த்த மாட்டேன்.

டெமோவை எவ்வளவு நம்பலாம்?

பெரிய விற்பனையாளருக்கு நிஜமான பலங்கள் இருக்கின்றன. திடீரென்று கடையை மூட மாட்டார். அந்த மென்பொருளில் வேலை தெரிந்தவர்கள் எளிதாகக் கிடைப்பார்கள். உங்கள் துறையின் விசித்திரமான தேவைகளை வேறு யாராவது அவரிடம் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். இதையெல்லாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. சிக்கல், விற்பனை நடக்கும் விதத்தில் இருக்கிறது. டெமோ காட்டுபவர் தானே தயாரித்த டேட்டாவை வைத்து, தானே தேர்ந்த பாதையில், பலமுறை ஒத்திகை பார்த்த கிளிக்குகளோடு நடக்கிறார். அந்தப் பாதையிலிருந்து ஓரடி விலகினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியவே வராது.

அமெரிக்காவின் குப்பை அகற்றும் நிறுவனமான வேஸ்ட் மேனேஜ்மென்ட், 2005-இல் ஜெர்மானிய மென்பொருள் நிறுவனமான எஸ்.ஏ.பி.யிடம் மென்பொருள் வாங்கியது. 2008-இல் 10 கோடி டாலருக்கு மேல் கேட்டு டெக்சஸில் வழக்குப் போட்டது. தங்களுக்குக் காட்டிய டெமோவே போலியான மாதிரி, நிஜமாக இயங்கும் மென்பொருள் அல்ல என்பது குற்றச்சாட்டு. எஸ்.ஏ.பி. மறுத்தது, வாடிக்கையாளர்தான் தன் தேவைகளை ஒழுங்காக வரையறுக்கவில்லை என்றது. 2010-இல் எஸ்.ஏ.பி. ஒரு தொகை கொடுத்து வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதனால் யார் சொன்னது சரி என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை. யார் பக்கம் நியாயம் இருந்தாலும், வாங்குபவர் எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை ஒன்று இதில் இருக்கிறது. டெமோ நடந்த அன்றே, திரையில் பார்த்தவற்றில் எவை இன்று விற்பனையில் இருக்கும் வெர்ஷனில் இயங்குகின்றன, எவை மாதிரிப் படம், எவை தனியாக எழுத வேண்டியவை என்று பட்டியலிட்டு விற்பனையாளரிடம் ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். இதைக் கேட்டதும் முகம் சுளிப்பவரையும், “அடுத்த முறை உங்கள் டேட்டாவிலேயே காட்டுகிறேன்” என்பவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இன்னொரு வழக்கில் தீர்ப்பே வந்தது. பிரிட்டனின் ஸ்கை தொலைக்காட்சி நிறுவனம், தன் வாடிக்கையாளர் சேவைக்கான புதிய மென்பொருள் அமைப்பைக் கட்ட 2000-இல் ஈ.டி.எஸ். என்ற அமெரிக்கத் தகவல் தொழில்நுட்பச் சேவை நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது. வேலை இழுத்துக்கொண்டே போய், 2002-இல் ஸ்கை அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2010 ஜனவரியில் லண்டன் உயர் நீதிமன்றம், ஈ.டி.எஸ். தெரிந்தே பொய் சொல்லி ஒப்பந்தத்தைப் பிடித்தது என்று தீர்ப்பளித்தது. எவ்வளவு காலத்தில் முடிக்கலாம் என்று முறையாக ஆராய்ந்துதான் சொல்கிறோம் என்றார்களே, அதுதான் அந்தப் பொய். ஒப்பந்தத்தில் இழப்பீட்டுக்கு 3 கோடி பவுண்டு உச்சவரம்பு இருந்தது. மோசடி நிரூபணமானதால் அந்த வரம்பு செல்லுபடியாகவில்லை. அதற்குள் ஈ.டி.எஸ்.ஸை வாங்கியிருந்த எச்.பி., 31.8 கோடி பவுண்டு கொடுத்துக் கணக்கை முடித்தது. ஈ.டி.எஸ். தரப்பில் முன்னின்ற அதிகாரியின் எம்.பி.ஏ. பட்டம் இணையத்தில் காசுக்கு வாங்கியது என்பதும் விசாரணையில் தெரிந்தது. ஸ்கையின் வழக்கறிஞர் அதே இடத்தில் ஒரு நாயின் பெயரில் பட்டம் வாங்கிக் காட்டினார்.

இந்த வழக்கைப் பற்றிப் பேசும் எல்லோரும் நாயைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட உறைப்பது அந்தக் காலக்கெடு. ஒரு வசதி இருக்கிறதா, இல்லையா என்பதைத் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ‘இத்தனை மாதத்தில் முடித்துத் தருகிறோம்’ என்பதை வாங்கும் நாளில் சோதிக்க வழியே இல்லை. போட்டி கடுமையாகும்போது முதலில் சுருங்குவதும் அந்த மாதக் கணக்குதான். அதனால் காலக்கெடுவைக் கேட்பதோடு நிறுத்தாமல், அது எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். யார் கணக்குப் போட்டார்? எந்தெந்த வேலைக்கு எத்தனை நாள்? இதே அளவு வேலையை இதற்கு முன் யாருக்குச் செய்தார்கள், அங்கே சொன்ன காலம் எவ்வளவு, ஆன காலம் எவ்வளவு? கணக்கு இருப்பவர் காட்டிவிடுவார். இல்லாதவர் உற்சாகமாகப் பேசுவார்.

அப்புறம், ‘அடுத்த வெர்ஷனில் வருகிறது’ என்ற வாக்குறுதி. இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. 1964-இல் கண்ட்ரோல் டேட்டா நிறுவனத்தின் 6600 கணினி வேகத்தில் எல்லாரையும் முந்தியபோது, இன்னும் கட்டி முடிக்காத இயந்திரம் ஒன்றை ஐ.பி.எம். போட்டியாக அறிவித்தது. 6600-ஐ வாங்க இருந்தவர்கள், சரி, காத்திருந்து பார்ப்போம் என்று தயங்கினார்கள். காகிதத்தில் மட்டும் இருக்கும் கணினியைக் காட்டித் தன் விற்பனையைக் கெடுத்ததாகக் கண்ட்ரோல் டேட்டா 1968-இல் வழக்குத் தொடர்ந்தது, 1973-இல் சமரசமானது. இன்று சில பெரிய மென்பொருள் நிறுவனங்கள், இப்போது கிடைக்கும் வசதிகளை மட்டும் வைத்து வாங்கும் முடிவை எடுங்கள் என்று தங்கள் விளக்கக்காட்சியின் தொடக்கத்திலேயே சட்டப் பாதுகாப்புக்காக எழுதிவிடுகின்றன. பேசுபவர் அந்தப் பக்கத்தை வேகமாகத் தாண்டுவார். நீங்கள் தாண்டாதீர்கள். அது சொல்வதை அப்படியே நம்பி, வரப்போகும் வசதிக்கு அட்டவணையில் பூஜ்யம் போடுங்கள். வந்த பிறகு வந்ததாக வைத்துக்கொள்ளலாம்.

நம் கேள்வித்தாளே பொய்யை வளர்க்கிறது

விற்பனையாளர்களின் நேர்மையைப் பற்றிப் பேசும் வாங்குபவர்கள் இந்த இடத்தில் தங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். விலைப்புள்ளி கேட்கும்போது நூற்றுக்கணக்கான வசதிகளைப் பட்டியலிட்டு, எதிரில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டே கட்டம் வைக்கிறோம். அதிக ‘ஆம்’ வாங்கியவர் அடுத்த சுற்றுக்குப் போகிறார். இந்த ஏற்பாட்டில் நேர்மையாகப் பதில் எழுதுபவர் முதல் சுற்றிலேயே விழுந்துவிடுவார். ‘ஆம்’ போட்டவரில் ஒருவர் அந்த வசதியைக் கையில் வைத்திருப்பார், ஒருவர் வேறொரு நிறுவனத்தின் இணைப்பு மென்பொருளை நம்பியிருப்பார், ஒருவர் ஆறு மாதம் ஆள் வைத்து எழுதினால் முடியும் என்ற பொருளில் போட்டிருப்பார். மூன்றும் ஒரே ‘ஆம்’. நேர்மைக்குத் தண்டனை கொடுக்கும் தேர்வை நாமே நடத்திவிட்டு, ஜெயித்தவர் பொய்யர் என்று பிறகு புலம்புவது நியாயமில்லை.

இதைத் திருத்துவது சுலபம். கட்டங்களைக் கூட்டுங்கள்: ‘இன்றே கூடுதல் வேலை இல்லாமல் இருக்கிறது’, ‘அமைப்புகளை (செட்டிங்ஸ்) மாற்றினால் போதும்’, ‘கோடு (மென்பொருள் நிரல்) எழுத வேண்டும்’, ‘மூன்றாவது நிறுவனத்தின் பொருள் வேண்டும்’, ‘இல்லை’. ஒவ்வொரு பதிலும் ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேரும் என்பதையும் கேள்வித்தாளின் மேலேயே சொல்லிவிடுங்கள். பட்டியலையும் சுருக்குங்கள். உண்மையிலேயே இல்லாமல் முடியாத வசதிகள் எந்த நிறுவனத்துக்கும் கொஞ்சம்தான். மற்றவை பழைய கேள்வித்தாளிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தவை.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்று உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டு, கணக்குக்காக இன்னும் இருவரைக் கூப்பிட்டு அவர்களை மாதக்கணக்கில் உழைக்க வைப்பதும், ஒருவர் நம்பிக் கொடுத்த விலையை இன்னொருவருக்குக் காட்டிக் குறைக்கச் சொல்வதும் சாதாரணமாக நடக்கின்றன. எனக்கு இவை சாதாரணமாகப் படவில்லை. அப்படி நடந்துகொள்ளும் நிறுவனத்திடம் எந்த விற்பனையாளரும் உண்மை விலையைச் சொல்ல மாட்டார், உண்மைக் குறையையும் சொல்ல மாட்டார்.

‘இல்லை’ சொல்பவரை எவ்வளவு நம்பலாம்?

கடும் போட்டியில் ‘இல்லை’ என்று சொல்வதற்கு ஒரு விலை இருக்கிறது. சொன்னவர் மதிப்பெண்ணை இழக்கிறார், சில சமயம் கமிஷனையே இழக்கிறார். தனக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தும் ஒருவர் சொல்வது, லாபத்துக்காகச் சொல்வதைவிடக் கனமான சாட்சி. இன்னொரு பலனும் உண்டு: ‘இல்லை’ என்று சொல்லத் தெரிந்தவருடைய ‘ஆம்’களையும் நம்பலாம். எங்கெங்கே பள்ளம் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிவதால், அதற்கான பணத்தையும் ஆளையும் ஒதுக்க முடிகிறது. திட்டங்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் தெரிந்த குறை அல்ல, பாதி வழியில் தெரியவரும் குறை.

ஆனால் ‘இல்லை’யிலும் நடிப்பு உண்டு. யாருக்கும் தேவைப்படாத ஒரு சின்னக் குறையை ஒப்புக்கொண்டு, அதைக் காட்டி மீதியை நம்ப வைப்பது விற்பனையில் பழகிய உத்தி. வலிக்கிற ‘இல்லை’யா, வலிக்காத ‘இல்லை’யா என்று பாருங்கள். நீங்கள் அவசியம் என்று குறித்த ஒன்றில் ‘இல்லை’ சொல்கிறாரா? “இது உங்களுக்கு அவ்வளவு முக்கியம் என்றால், அவர்களுடையது எங்களைவிட நன்றாகச் செய்யும்” என்று போட்டியாளரைக் கைகாட்டுகிறாரா? கடைசியாக அவர்கள் சேவை பெரிய அளவில் முடங்கியபோது வாடிக்கையாளர்களுக்கு எழுதிய விளக்கக் கடிதத்தைக் காட்டச் சொன்னால் காட்டுகிறாரா? அவரை விட்டு விலகிய வாடிக்கையாளர் ஒருவரோடு பேச வழி செய்கிறாரா? திருப்தியான வாடிக்கையாளர்களின் பட்டியல் எல்லோரிடமும் இருக்கும். விலகியவரின் எண்ணைக் கொடுக்கத் துணிபவர் அபூர்வம், அப்படி ஒருவர் அமைந்தால் அது மற்ற எல்லா ரெஃபரன்ஸையும்விட மேல். விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்ட அதே கேள்வியைத் தனியாக அவர்களின் பொறியாளரிடமும் கேளுங்கள். இரண்டு பதில்களுக்கும் நடுவிலுள்ள தூரமே உங்களுக்கு வேண்டிய அளவுகோல்.

சிறிய நிறுவனத்தின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. உங்களிடம் உண்மை பேசியவர் அடுத்த ஆண்டு அங்கே இருக்க வேண்டும் என்பதில்லை. நிறுவனமே கைமாறலாம். பெரியவர்களுக்கும் இதே கதைதான்: 2023 நவம்பரில் சிப் நிறுவனமான பிராட்காம், சர்வர் மென்பொருள் விற்கும் வி.எம்.வேர் நிறுவனத்தை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றியது. பல ஆண்டுகளாக வி.எம்.வேர் ஆட்களோடு நல்லுறவில் இருந்த வாடிக்கையாளர்களுக்கு அந்த உறவு எந்த வகையிலும் உதவவில்லை. சப்போர்ட்டை நீட்டிக்கும் உரிமை தன் பழைய ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஏ.டி. அண்ட் டி. 2024-இல் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஆண்டே இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. அங்கே வாதாட நிற்கவாவது ஓர் இடத்தைக் கொடுத்தது எழுதி வைத்திருந்த அந்த வரிதான்.

ஓப்பன் சோர்ஸ், அப்புறம் சும்மா இருப்பது

மூன்றாவது வழியில் நம்ப வேண்டிய ஆட்கள் குறைவு என்று நினைப்போம். பாதி உண்மை. கோடு கையில் இருப்பதால், சப்போர்ட் தரும் நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் இன்னொருவரிடம் போகலாம். ஆனால் அந்தக் கோடின் உரிமை ஒரே நிறுவனத்திடம் இருந்தால், லைசென்ஸை அவர்கள் மாற்றிக் கட்டுப்பாடுகள் போடலாம். 2023 ஆகஸ்ட்டில் ஹாஷிகார்ப் நிறுவனம், சர்வர்களை அமைக்க உதவும் தன் டெர்ராஃபார்ம் மென்பொருளுக்கு அதைத்தான் செய்தது. பழைய வெர்ஷனின் லைசென்ஸைத் திரும்பப் பெற முடியாது என்பதால், அதிலிருந்து கிளைத்த ஓப்பன்டோஃபு என்ற மென்பொருள், அடுத்த மாதமே லாப நோக்கற்ற அமைப்பான லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வந்தது. மூடிய மென்பொருளில் இப்படி ஒரு தப்பிக்கும் வழி கிடைத்திருக்காது. ஆகவே இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு: கோடின் உரிமை பலரிடம் பரவியிருக்கிறதா, அதைப் படித்துத் திருத்தத் தெரிந்தவர் உங்கள் நிறுவனத்தில் ஒருவராவது இருக்கிறாரா. இரண்டாவது இல்லை என்றால், அந்தச் சுதந்திரத்தை உங்களால் பயன்படுத்த முடியாது.

இருப்பதையே ஓட்டுவதில் ஒரு பெரிய நன்மை: அதன் குறைகள் எல்லாம் தெரிந்தவை. புதியவரின் டெமோவை உங்கள் பழைய மென்பொருளின் தினசரி எரிச்சலோடு ஒப்பிட்டால் புதியது ஜெயிக்கத்தான் செய்யும். ஆனால் நீங்கள் நகர மாட்டீர்கள் என்று தெரிந்துகொண்ட பழைய விற்பனையாளர், புதுப்பிக்கும் நேரத்தில் விலையை ஏற்றுவார். மாறுவதற்கான திட்டத்தைத் தயாராக வைத்துக்கொண்டு தங்குவது ஒரு நல்ல முடிவு. அது இல்லாமல் தங்குவதைத் தேர்வு என்றே சொல்ல முடியாது.

போட்டியாளரைத் திட்டுபவரும், வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துக் கேட்பவரும்

ஐ.பி.எம்.மிலிருந்து வெளியேறி 1970-இல் சொந்தக் கணினி நிறுவனம் தொடங்கிய ஜீன் ஆம்டால், தன்னிடம் வாங்க நினைப்பவர்களின் மனதில் ஐ.பி.எம். விற்பனையாளர்கள் பயத்தையும் நிச்சயமின்மையையும் சந்தேகத்தையும் விதைப்பதாகச் சொன்னார். இன்றும் அதே மூன்றுதான். ‘அவர்கள் இன்னும் எத்தனை நாள் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்’, ‘அவர்கள் பாதுகாப்பைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை’. இப்படி வந்தால், அந்தக் குற்றச்சாட்டை எழுதித் தரச் சொல்லுங்கள், போட்டியாளரிடம் அதைக் காட்டிப் பதில் வாங்கப் போவதாகவும் சொல்லுங்கள். ஆதாரத்தோடு எழுதித் தருபவர் உங்களுக்கு உதவி செய்கிறார். அவரைக் குறை சொல்லக் கூடாது. பின்வாங்குபவர் தன்னைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்.

காலாண்டு முடிவின் தள்ளுபடியும் அப்படித்தான். ‘வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தானால்தான் இந்த விலை’ என்பது உங்கள் தேவையிலிருந்து வருவதல்ல, அவர்கள் கணக்குப் புத்தகத்திலிருந்து வருவது. அந்த அழுத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்க மென்பொருள் நிறுவனமான கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் சாட்சி. காலாண்டு முடிந்த பிறகு கையெழுத்தான ஒப்பந்தங்களை முந்தைய காலாண்டுக் கணக்கில் சேர்த்ததற்காக, 2004-இல் அந்த நிறுவனம் பங்குதாரர்களுக்கு 22.5 கோடி டாலர் ஈடு கொடுக்க ஒப்புக்கொண்டது. அதன் முன்னாள் தலைமை அதிகாரிக்கு 2006-இல் 12 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. எதிரில் உட்கார்ந்திருக்கும் விற்பனைப் பிரதிநிதி கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரை எப்படி நடத்துகிறார்கள் என்பது உங்கள் ஒப்பந்தத்தில் வந்து நிற்கிறது. சோதனை முடியவில்லை என்றால் தள்ளுபடியை விட்டுவிடுங்கள். அடுத்த காலாண்டுக்கும் ஒரு கடைசி வாரம் உண்டு.

எதைத் தேர்ந்தெடுப்பேன்?

குறைகள் தெரிந்து, அவற்றைச் சமாளிக்க வழியும் இருந்தால், ‘இல்லை’ சொன்ன சிறிய விற்பனையாளர். மூன்று நிலைகளில் மட்டும் மாறுவேன். அவரிடம் இல்லாதது சட்டப்படி நமக்குக் கட்டாயமானது என்றால், நேர்மையைப் பாராட்டிவிட்டு, இருப்பவரிடம் போக வேண்டியதுதான். நம் அளவு வேலையை அவர் இதுவரை எங்கும் தாங்கியதில்லை என்றால் பெரியவரிடம் போவேன், ஆனால் நம் டேட்டாவில், நம் ஆட்கள் இயக்கிப் பார்க்கும், கட்டணம் கொடுத்து நடத்தும் பைலட்டுக்குப் (சிறிய அளவிலான சோதனை ஓட்டம்) பிறகுதான். நல்ல பொறியாளர்கள் உள்ளேயே இருந்தால், விற்பனையாளர் இருவரையும் விட்டுவிட்டு ஓப்பன் சோர்ஸ்.

யாராக இருந்தாலும் ஒப்பந்தத்தில் விடக்கூடாதவை சில. கேள்வித்தாளின் பதில்கள் இணைப்பாக வர வேண்டும். வாயால் சொன்னது எதுவும் கணக்கில் இல்லை என்று பெரும்பாலான ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கங்களில் ஒரு பிரிவு இருக்கும், எழுதி வாங்கிய பதில்களை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தால்தான் அவை உங்களைக் காக்கும். புதுப்பிக்கும்போது விலை எவ்வளவு ஏறலாம் என்பதற்கு வரம்பு. நிறுவனம் கைமாறினால் அபராதமின்றி விலகும் உரிமை. விலகும்போது டேட்டாவை எந்த வடிவில், எத்தனை நாளில், என்ன கட்டணத்தில் தருவார்கள் என்ற விவரம். இந்தக் கடைசி விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டுவிட்டது: 2025 செப்டம்பர் முதல் அமலில் இருக்கும் அதன் தரவுச் சட்டப்படி, கிளவுட் சேவையை விட்டு மாறுபவரிடம் மாறுவதற்கான கட்டணம் வாங்குவது 2027 ஜனவரி 12 முதல் கூடாது. மற்ற இடங்களில் இருப்பவர்கள் அதைத் தாங்களாகவே ஒப்பந்தத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

தேர்வு முடிந்ததும் தோற்றவர்களுக்கு உண்மையான காரணத்தை எழுதி அனுப்புங்கள். இரண்டாவதாக வந்தவரிடம், பைலட் முடியும்வரை அவருடைய விலை செல்லுமா என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். முதலாவதாக வந்தவர் பைலட்டில் தடுமாறினால் கூப்பிட வேண்டியவர் அவர்தான்.